மெக்சிகோ கடற்கரையில் எழுபது பேரை ஓடவிட்டேன்

என் தம்பி அருள்தாஸ் ஒரு புளுகன். இதை அவன் முகத்துக்கு நேராகப் பல தடவை சொல்லியாகிவிட்டது. எழுத்தில் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். பதினோரு மாதம் ஒரு சரக்குக் கப்பலில் வெங்காயம் உரித்துவிட்டு வந்தவன், உலகத்துத் துறைமுகங்களை எல்லாம் தான்தான் கட்டித் திறந்துவைத்தது மாதிரி பேசுவான். அவன் கொடுத்த இருபத்திரண்டு யோசனைகளை நம்பித்தான் நான் மெக்சிகோவுக்குப் போனேன். இருபத்திரண்டும் சரியாகத்தான் இருந்தன, அது வேறு விஷயம். அவன் சொல்லாமல் விட்ட இருபத்து மூன்றாவதில்தான் என் மானம் போனது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் ரீட்டா. எண்ணூரில், முகத்துவாரக்குப்பம் போகிற வழியில் வீடு. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையோரத்தில் டிபன் கடை. (இட்லி கல்லு மாதிரி கீது என்று எவனாவது சொன்னால் தட்டைப் பிடுங்கிக்கொள்வேன். காசைத் திருப்பித் தர மாட்டேன்.) வீட்டுக்காரர் சேவியர், துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். முப்பது வருஷம் அத்தனை உயரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தால் யாரிடம் பேசுவது. எங்களுக்கு ஒரே பெண், ஜெனி. படித்து, அமெரிக்காவில் ஹூஸ்டன் என்ற ஊருக்கு வேலைக்குப் போனாள். போன இடத்தில் பிரவின் என்ற பையனைப் பார்த்துவிட்டாள்.

பையன் தங்கம். அதில் குறை சொல்ல மாட்டேன். அவன் அப்பா ஜெபமணி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்து, பிறகு அண்ணா நகரில் வீடு கட்டிப் போனவர். முழங்கால் வலிக்காரர். அம்மா பெயர் தங்கபுஷ்பம். அவர்களும் எங்களைப் போல ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள்தான், சபை மட்டும் வேறு. அதுகூடத் தடையில்லை. தடை எங்கள் ஊர், சுற்றிலும் ஆலைகள், எந்நேரமும் புகை. பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தங்கபுஷ்பம் அம்மாள் காரை விட்டு இறங்கியபோது மூக்கில் வைத்த கைக்குட்டையை, திரும்பக் காரில் ஏறி உட்காரும் வரைக்கும் எடுக்கவில்லை. டீயைக்கூட கைக்குட்டைக்குக் கீழே விட்டுத்தான் குடித்தார். "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று போனவர்கள் நான்கு மாதம் யோசித்தார்கள்.

பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. இரண்டு வீட்டுப் பெற்றோரையும் அமெரிக்காவுக்கு வரவழைத்து, மெக்சிகோ போகிற உல்லாசக் கப்பலில் ஐந்து நாள் ஏற்றிவிடுவது. நடுக்கடலில் யாரும் எழுந்து போக முடியாது, பழகித்தான் ஆகவேண்டும் என்பது கணக்கு. கடைசி நாள் சாப்பாட்டு மேசையில் தங்கபுஷ்பம் அம்மாள் முடிவு சொல்லிவிட வேண்டும். கல்யாணம் உண்டா, இல்லையா.

ஜெனி போனில் அழுகிற குரலில் சொன்னாள். "அம்மா, அஞ்சே அஞ்சு நாள். கத்தாத. யாரையும் திட்டாத. அவங்க எது சொன்னாலும் சரின்னு கேட்டுக்கோ."

"நான் இன்னாடி கத்துறேன்?" என்று கத்தினேன்.

அருள்தாஸுக்கு விஷயம் தெரிந்ததும் கொருக்குப்பேட்டையிலிருந்து நேராக என் கடைக்கு வந்தான். ஆறு இட்லி சாப்பிட்டான். கை கழுவவில்லை, ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, நோட்டு எட்து எழுதிக்கோ. கப்பல் நேரம் வேற, ஊரு நேரம் வேற. கரையில எறங்குனா செல்போனு தானா ஊரு நேரத்துக்கு மாறிக்கும். அத்த நம்பாத. கையில கடிகாரம் கட்டிக்கினு கப்பல் நேரத்தையே பாரு."

"நீ மெக்சிகோ போய்க்கிறியாடா?"

"பக்கத்துல போய்க்கிறேன்."

"பக்கத்துலன்னா?"

"பனாமா."

(பிறகு வரைபடத்தில் பார்த்தேன். பக்கம்தான். எண்ணூருக்குக் கல்கத்தா பக்கம் என்கிற மாதிரி.)

ஆனாலும் எழுதிக்கொண்டேன். போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், நல்லதுக்குத்தான் சொல்கிறேன். பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே அறைப் பெட்டியில் பூட்டிவிட்டு, நகலையும் கப்பல் அட்டையையும் மட்டும் கரைக்கு எடுத்துப் போக வேண்டும். சில்லறை டாலர் வைத்திருக்க வேண்டும், பெரிய நோட்டை நீட்டினால் மீதி வராது. டாக்ஸியில் ஏறும் முன்பே தலைக்கா, வண்டிக்கா என்று கேட்டுவிட வேண்டும். மூடி திறக்காத பாட்டில் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். கப்பல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கரையில் இறங்கக் கூடாது, பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். (புளிசாதம் கட்டித் தருவார்களா என்று நான் கேட்டு வைத்திருந்தேன்.) ஆரஞ்சு நிறத்தில் சட்னி வந்தால் ஊசி முனையளவு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொன்னான்.

"கப்பல் ஹாரன் அடிச்சான்னு வையி, யோசிக்காத, ஓடு. ஒனக்காவல்லாம் நிக்க மாட்டான். சாமான் செட்டு கெடந்தா கெடக்குதுன்னு வுட்டுட்டு ஓடு."

இந்தக் கடைசி யோசனையை நோட்டில் இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன்.

கப்பலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு மாடி. திருவொற்றியூரைத் தூக்கி நிறுத்தின மாதிரி, எங்கே பார்த்தாலும் ஜனம், எங்கே பார்த்தாலும் தீனி. சேவியர் முதல் நாள் முழுக்க மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கயிறு கட்டுகிறவர்களை வேடிக்கை பார்த்தார். "சரியாத்தான் கட்றானுங்க" என்றார். அந்த நாளில் அவர் பேசியது அவ்வளவுதான். நான் தங்கபுஷ்பம் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன். "உங்க பக்கத்துல தண்ணி நல்லாருக்காதாம்லா?" என்று கேட்டார். சரி என்றேன். "துணி காயப் போட்டா கருப்பு ஒட்டுமாம்லா?" சரி. நான் பிறந்ததிலிருந்து அத்தனை சரி சொன்னதில்லை. நாக்கு வீங்கிவிட்டது.

முதல் துறைமுகம் கோசுமெல். அங்கே எல்லாம் நல்லபடியாக நடந்தது. நல்லபடியாக என்றால், ஜெபமணி மாட்டிக்கொண்டார். சாப்பாட்டுக் கடையில் ஆரஞ்சு நிறச் சட்னி வந்தது. நான் தம்பி சொன்னதைச் சொன்னேன், ஊசி முனையளவு என்று. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நாங்க விளாத்திகுளம் மொளகா தின்னு வளந்தவிய. எங்களுக்கா?" என்று ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார்.

அரை நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் கண்களிலிருந்து தண்ணீர் ஓடியது. காதிலிருந்தும் ஓடியிருக்கும், நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நாக்கை வெளியே போட்டுக்கொண்டு பனிக்கட்டியை உருட்டினார். ஒரு மணி நேரம் பேச்சே வரவில்லை. தங்கபுஷ்பம் அம்மாள் சிரித்தார். முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் கையைத் தட்டினார். "முப்பத்தாறு வருசத்துல இவுக ஒரு மணி நேரம் சும்மா இருந்து இன்னைக்குத்தாம் பாக்கேன்" என்றார். ஜெனி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். சந்தோஷத்தில் மிதித்தது அது. எனக்கும் நம்பிக்கை வந்தது.

அடுத்த நாள் கோஸ்டா மாயா. டாக்ஸி பிடித்துப் பக்கத்து மீனவர் ஊர்க் கடற்கரைக்குப் போனோம். (தலைக்கு எவ்வளவு என்று ஏறும் முன்பே கேட்டேன்.) மாவு சலித்துக் கொட்டின மாதிரி மணல். கடல் மூன்று நீலத்தில் கிடந்தது. தண்ணீர் ஓரத்தில் மட்டும் பழுப்பாக ஏதோ குவிந்து கிடந்தது. நாலைந்து பேர் முள்கரண்டி மாதிரி பெரிய கம்பிகளால் அதை வாரி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடற்கரையில் இதைவிட மோசமானதெல்லாம் ஒதுங்கும் என்பதால் நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் இரண்டும் முகமூடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்கக் கடலுக்குள் போய்விட்டன. நாங்கள் நாலு பேரும் ஓலைக் குடைக்குக் கீழே சாய்வு நாற்காலியில். நடுவில் ஒரு பெரிய ஜாடி நிறைய செம்பருத்திப் பூவில் செய்த சிவப்பு சர்பத், பனிக்கட்டி போட்டது. தங்கபுஷ்பம் அம்மாள் சந்தன நிறத்தில் புதுப் புடவை கட்டியிருந்தார். பயணத்துக்கென்றே எடுத்ததாம். ஒரு டம்ளர் குடித்தார். தொண்டையைச் சரி செய்துகொண்டார்.

"நானும் யோசிச்சுப் பாத்தேன். பிள்ளைக ஆசைப்பட்டுட்டு. உங்க பொண்ணும் நல்ல பிள்ளையாத்தான் தெரியுது. தை மாசம் வச்சுக்கிடலாம்னு இவுக சொல்லுதாக. அதுல எனக்கும்..."

அந்த இடத்தில்தான் காற்று எழுந்தது.

முதலில் மூக்குக்குள் ஒரு ஊசி. பிறகு அழுகிய முட்டை. அதற்குப் பின்னால் கண்ணைக் கரிக்கிற ஒரு காரம். இந்த மூன்றும் இந்த வரிசையில் வந்தால் அது என்ன என்று எங்கள் தெருவில் கைக்குழந்தைகூடச் சொல்லும். நான் நாற்காலியில் நிமிர்ந்த அதே நொடி, துறைமுகப் பக்கமிருந்து ஊளை கேட்டது. நீளமாக ஒன்று. நிறுத்தி, மறுபடியும் நீளமாக ஒன்று.

நான் யோசிக்கவில்லை. இதைப் படிக்கிற எண்ணூர், எர்ணாவூர்க்காரர்கள் யாராக இருந்தாலும் யோசித்திருக்க மாட்டார்கள். வாடை வந்து, ஆலைச் சங்கும் ஊதினால் என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. நாலைந்து தடவை மூச்சு முட்டி, தெருவே கூடிப் பேசி, நாங்களாகக் கற்றுக்கொண்டது. அடுப்பை அணை. துணியை நனைத்து மூக்கில் கட்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார். காற்றோடு ஓடாதே, காற்றை எதிர்த்தும் ஓடாதே, குறுக்கே ஓடு. நடக்க முடியாதவரைத் தூக்கு. பூட்டு தேடாதே.

குடையின் உச்சியில் இருந்த சின்னக் கொடியைப் பார்த்தேன். கடலிலிருந்து காற்று. அப்படியானால் கரையோரமாக, வலது பக்கம். துணி? தங்கபுஷ்பம் அம்மாளின் முந்தானை. தண்ணீர்? ஜாடி.

முந்தானையைப் பிடித்து இழுத்து ஜாடிக்குள் முக்கி, சொட்டச் சொட்ட அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பின்னால் முடிச்சுப் போட்டேன். மீதி சர்பத்தை என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

"எய்யா ஏசுவே, என்னத்த ஊத்துனீய" என்றது துணிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"கேஸும்மா. பேசாத. மூச்சப் புட்ச்சிக்கினு ஓடு. சேவியரு, பெரியவரத் தூக்கு."

நான் சொல்வதற்கு முன்பே சேவியர் தூக்கிவிட்டிருந்தார். அவர் மூக்கும் எண்ணூர் மூக்குதான். ஜெபமணியை அரிசி மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். முப்பது வருஷம் சரக்குத் தூக்கினவருக்கு எது எங்கே பிடித்தால் நழுவாது என்று தெரியும். ஜெபமணி தலைகீழாக, "ஏங்க, ஏங்க, என்னங்க" என்று சேவியரின் முதுகிடம் கேட்டுக்கொண்டே போனார். பதில் வரவில்லை. சும்மா இருக்கும்போதே பேசாத மனுஷன், ஓடும்போதா பேசப்போகிறார்.

நான் தங்கபுஷ்பம் அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வழியில் படுத்திருந்தவர்களை எல்லாம் எழுப்பிக்கொண்டே ஓடினேன். "கேஸ், கேஸ், ரன், குறுக்கால ரன்." சும்மா விட்டுவிட்டு ஓட மனசு வருமா. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தலையிலிருந்து நெஞ்சு வரைக்கும் சிவப்பாக வழிந்துகொண்டு இரண்டு பெண்களும், தோளில் ஒரு மனுஷனைப் போட்டுக்கொண்டு ஒரு கிழவரும் அலறியபடி ஓடி வந்தால் அதற்கு எந்த மொழியும் வேண்டாம். முதலில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா எழுந்தார். அவரைப் பார்த்து அவர் மனைவி. பிறகு மொத்தக் கடற்கரையும். ஒரு பெண் பாதித் தலை பின்னியும் பாதித் தலை விரிந்தும் ஓடினாள். பின்னிக்கொண்டிருந்தவள் சீப்போடு பின்னாலேயே ஓடினாள். எண்ணெய் தேய்த்துக் குப்புறப் படுத்திருந்த ஒரு ஆள், துண்டைப் பிடிப்பதா உயிரைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் ஒவ்வொரு கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பாட்டுக்காரர்கள் மூன்று பேர் கிதாரோடு வந்தார்கள். சுறாவா, சுனாமியா, சுடுகிறார்களா என்று அவரவருக்குத் தோன்றியதை அவரவர் கத்தினார்கள்.

எழுபது பேர் என்கிறாள் ஜெனி. பிரவின் நாற்பதுதான் என்கிறான். கடலுக்குள் மீன் பார்த்துக்கொண்டிருந்த இருவரும் மூச்சு வாங்கத் தலையைத் தூக்கினபோது, கரையில் ஒரு ஊர்வலம் போவதும், அதன் முன்னால் அவளைப் பெற்றவள் போவதும் தெரிந்ததாம்.

கரை முடிகிற இடத்தில் ஒரு வேலி. அங்கே மெக்சிகோ கடற்படைக்காரர் ஒருவர் துப்பாக்கியோடு காவல் நின்றார். அத்தனை பேர் தன்னை நோக்கி ஓடிவருவதைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நின்றோம். நான் முன்னால் போய் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "சார், கேஸ். அமோனியா. யூ ஆல்ஸோ ரன்."

அவர் என்னைப் பார்த்தார். தங்கபுஷ்பம் அம்மாளைப் பார்த்தார். சேவியர் தோளில் தொங்கிய ஜெபமணியின் செருப்பைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, "சர்காசோ" என்று சொல்லி, பழுப்புக் குப்பையை வாரிக்கொண்டிருந்த ஆட்களைக் காட்டினார். அவர்கள் இன்னும் வாரிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தர்கூட ஓடவில்லை.

அதற்குள் ஜெனி ஈரத்தோடு ஓடிவந்தாள். காலில் வாத்துக்கால் மாதிரி மாட்டியிருந்ததைக் கழற்றக்கூட இல்லை.

"அம்மா. அது கடல்பாசி."

"பாசிக்கு ஏண்டி இந்த வாட?"

"குவிஞ்சு அழுவுனா இப்டிதாம்மா வரும்."

"அப்ப ஹாரன்?"

"வேற கப்பல் கெளம்புது. பை சொல்லுச்சு."

கடற்படைக்காரர் என்னை ஒரு பலகைக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். ஜெனி படித்துச் சொன்னாள். இந்த வாடை இந்தப் பாசியிலிருந்து வருகிறது. பக்கத்தில் வெகுநேரம் உட்கார வேண்டாம். மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் தள்ளி இருக்கவும். சந்தேகம் இருந்தால் கேட்க ஒரு எண். இன்றைய அளவு இது என்று காட்ட ஒரு முள், மஞ்சள் நிறத்தின் மேல் நின்றது. தினமும் காலையில் வந்து மாற்றுவார்களாம். அழுகின பாசிக்கே இத்தனை ஏற்பாடு.

திரும்பி வந்த வழியைப் பற்றி எழுதப் போவதில்லை. எண்ணெய் ஆள் மட்டும் கை தட்டினார். அதனால் துண்டு விழுந்தது.

செம்பருத்திச் சாயம் துணியில் ஏறினால் லேசில் போகாது. தங்கபுஷ்பம் அம்மாளின் மூக்கிலிருந்து கழுத்து வரைக்கும் இளஞ்சிவப்பு. புடவை அம்போ. டாக்ஸியில் அவர் என் பக்கம் திரும்பவில்லை. கப்பலில் ஏறியதும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜெனி என் அறைக்கு வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். உட்கார்ந்து அழுதாள்.

"அவங்க தை மாசம்னு சொல்லிக்கினே இருந்தாங்களாம். பிரவின் அப்பா சொல்றாரு. அந்த வாயத்தாம்மா நீ துணி வச்சு அடச்சுக்கிற."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் அதை யார் மேலாவது இறக்கியாக வேண்டும், அது என் பிறவிக்குணம். கப்பலின் இணையத்துக்குக் காசு கட்டி அருள்தாஸைக் கூப்பிட்டேன்.

"டேய், பாசி நாறும்னு ஏன்டா சொல்லல?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "பனாமாவுல பாசி கெடையாதுக்கா."

கடைசி நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசை. ஆறு பேரும் உட்கார்ந்தோம். ஜெனி தட்டைத் தொடவில்லை. பிரவின் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கபுஷ்பம் அம்மாளின் முகத்தில் சாயம் இன்னும் மிச்சமிருந்தது. பவுடர் பூசி மறைக்கப் பார்த்திருந்தார், அது இன்னும் எடுத்துக் காட்டியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கேன். உங்களுக்கு மூக்குல துணி கெட்டாம, எனக்கு ஏன் மொதல்ல கெட்டுனீய?"

"ஒங்களுக்குத் தெரியாதுல்ல. எனக்குக் கொஞ்ச நேரம் தாங்கும். பழக்கம்."

"உங்க மக கடலுக்குள்ள இருந்தாளே. அவளத் தேடலியே?"

"அவளுக்குத் தெரியும். ஒண்ணாங்கிளாஸ்லயே தெரியும். கர்ச்சீப்ப நனைச்சுக்கினு எந்தப் பக்கம் ஓடணும்னு."

அவர் ஜெனியைப் பார்த்தார். ஜெனி தலையாட்டினாள்.

"மதினி" என்றார் தங்கபுஷ்பம். அவர்கள் பக்கத்தில் சம்பந்தி மாதிரி சொந்தமானவளைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஜெனிக்கும் தெரியும். ஓவென்று அழுதாள். "கல்யாணம் தையிலதான். என் உசுரக் காப்பாத்தணும்னு ஓடுனவிய வீட்டுல பொண்ணெடுக்காம வேற எங்க எடுக்க. ஆபத்து இல்லங்கது வேற விசயம்."

ஜெபமணி சேவியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சேவியர், "வெயிட்டு கம்மிதான்" என்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். தங்கபுஷ்பம் தொடர்ந்தார்.

"ஆனா ஒண்ணு மதினி. தப்பா எடுத்துக்கிடாதீய. தலப்பிரசவம் எங்க வீட்டுலதாம். உங்க ஊருக்கு அனுப்ப மாட்டேன். பச்சப்பிள்ளைக்கு யாரு துணி நனச்சுக் கெட்டுவா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. முதல் பிரசவம் தாய் வீட்டில். அது என் உரிமை. பிச்சைக்காரிகூட விட்டுக்கொடுக்க மாட்டாள். வாயைத் திறந்தேன். லாரிக்காரர்களை ஓட ஓட விரட்டுகிற வாய் இது. "எங்க ஊர்ல அப்டியெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரிதான் தேவை. எப்படிச் சொல்வேன்? அழுகின பாசிக்கு எழுபது பேரை ஓடவிட்டுவிட்டு, எங்கள் ஊரில் ஒன்றுமில்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

சரி என்றேன். அந்தப் பயணத்தில் கடைசியாகச் சொன்ன சரி.

கல்யாணம் தையில் நடந்தது. வரவேற்பில் ஜெபமணி மைக்கைப் பிடித்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மெக்சிகோவைப் பார்த்த ஒரே வியாபாரி தான்தான் என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னார். மண்டபமே சிரித்து உருண்டது. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் யார் அவித்த முட்டையை உரித்தாலும், "ரீட்டா மதினி, எந்தப் பக்கம் ஓடணும்?" என்று ஒரு குரல் வரும். பிரவினின் சித்தப்பா பிள்ளைகள் நான் உள்ளே நுழைந்தாலே துணியால் மூக்கைப் பொத்துகிறார்கள். நானும் சிரிப்பேன். கடையில் லாரிக்காரர்களுக்கு நானே சொல்லியும் இருக்கிறேன். அவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் தெருவில் சொன்னபோது மட்டும் ஒருத்தரும் சிரிக்கவில்லை. "அப்புறம் எல்லாரும் தப்பிச்சிட்டாங்களா?" என்று கேட்டார்கள்.

ஜெனியும் பிரவினும் இப்போது சென்னைக்கே வேலை மாற்றி வந்துவிட்டார்கள். அவளுக்கு ஏழு மாதம். போன வாரம் வளைகாப்பு. வளையல் போட்டு முடித்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. நான் ஏழு வகைச் சாதம் செய்து எடுத்துக்கொண்டு அண்ணா நகர் போனேன். வெறும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு நானும் சேவியரும் மட்டும் எண்ணூர் திரும்பினோம். தங்கபுஷ்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நானாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆகையால் என் கேள்வி வேறு இடத்துக்கு. எங்கள் வீட்டுக்கு எதிரே புகை விடுகிற ஆலைகளின் மேலாளர்களே, அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளே, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் எங்கள் கோயில் வாசலுக்கு வாருங்கள். மைக் செட் என் செலவு. டீயும் என் செலவு. உங்கள் மேல் கை வைக்க மாட்டோம். ஒரே ஒரு கேள்விதான். பிறக்கிற பிள்ளையை நான் என் வீட்டுக்குத் தூக்கிவரலாமா, கூடாதா? வரலாம் என்றால், உங்கள் பெயரைச் சொல்லி, பதவியைச் சொல்லி, வரலாம் என்று மைக்கில் சொல்லுங்கள். கூடாது என்றால் அதையும் மைக்கில் சொல்லுங்கள். தெரியாது என்றால் அதையாவது சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் அறைக்குள் வைத்து என் காதில் சொல்லாதீர்கள். ஊர் நடுவில் நின்று, ஊருக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.